சாய்ந்த கூடையும் சரியாத கனிகளும்

மேலை நாட்டு ஓவியக் கலையில் நெடுங்காலம் ஒரு தரவரிசை நிலவி வந்தது. பிரெஞ்சு அறிஞர் ஆந்திரே ஃபெலிபியன் 1667-இல் அதனை எழுத்தில் வகுத்து வைத்தார். வரலாற்றையும் புராணத்தையும் கூறும் ஓவியத்துக்கு முதலிடம். கனியும் மலரும் கலமும் தீட்டும் ஓவியத்துக்குக் கடைசி இடம். இவ்வகை ஓவியத்தை டச்சு மக்கள் 'அசைவற்ற வாழ்வு' என்று பொருள்படும் சொல்லால் வழங்க, பிரெஞ்சுக்காரரோ 'இறந்த இயற்கை' என்றே பெயரிட்டனர். கடைசிப் படியில் நிறுத்தப்பட்ட அந்த எளிய வகையிலிருந்துதான், மனிதன் உலகை எவ்வாறு காண்கிறான் என்ற பெரிய கேள்வி பிற்காலத்தில் எழுந்தது. அக்கேள்வியை எழுப்பியவர்களுள் தலையாயவர் பால் செசான். அவர் 1893-ஆம் ஆண்டளவில் தீட்டிய 'ஆப்பிள் கூடை' என்னும் ஓவியத்தை ஈண்டு நாம் சற்றே நின்று நோக்குவோம்.

செசான் 1839-இல் தென் பிரான்சின் எக்ஸ் நகரில் பிறந்தவர். 1906-இல் அங்கேயே மறைந்தவர். இம்ப்ரெஷனிசக் குழுவினர் 1874-இல் பாரிசில் நடத்திய முதற் கண்காட்சியிலும், 1877-இல் நடத்திய மூன்றாம் கண்காட்சியிலும் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. இருண்ட வண்ணங்களை விடுத்து ஒளிமிக்க வண்ணங்களைக் கையாள அவருக்கு வழிகாட்டியவர் அக்குழுவின் மூத்தவரான பிசாரோ. எனினும், அரசு ஆதரவு பெற்ற சலோன் கண்காட்சி அவர் படங்களை ஆண்டுதோறும் திருப்பி அனுப்பியது. 1882-இல் ஒரே ஒருமுறைதான் அதன் கதவு திறந்தது. தமக்கென்று ஒரு தனிக் கண்காட்சி அமைந்தபோது அவருக்கு வயது 56. ஓவிய வணிகர் அம்புரோஸ் வொலார் 1895-இல் நடத்திய அக்கண்காட்சியில் நாம் இங்குப் பேசும் படமும் இருந்தது. செசான் தம் படங்களில் கையொப்பமிடுவது அரிது. இப்படத்தின் கீழ் இடப்புறத்திலோ அவர் பெயர் காணப்படுகிறது. 1926 முதல் இது அமெரிக்காவின் சிகாகோ கலைக்கூடத்தில் இருந்து வருகிறது.

படம் பெரிதன்று, உயரம் 65 சென்டிமீட்டர், அகலம் 80 சென்டிமீட்டர். அதில் உள்ளவையும் அரும்பொருள்கள் அல்ல. ஒரு மேசை, அதன்மேல் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் வெள்ளைத் துணி. இடப்புறம் ஆப்பிள்கள் நிறைந்த ஒரு பிரம்புக் கூடை, பின்புறம் ஒரு கட்டையால் உயர்த்தப்பட்டு நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. நடுவில் கரும்பச்சை நிறப் புட்டி ஒன்று. அதற்கு வலப்புறம் ஒரு தட்டில் விரல் வடிவ பிஸ்கோத்துகள் அடுக்கப்பட்டுள்ளன. துணியின் மடிப்புகளில் கனிகள் சிதறிக் கிடக்கின்றன. எந்த நடுத்தரக் குடும்பத்தின் சமையற்கட்டிலும் காணக்கூடிய பொருள்கள் இவை.

முதற் பார்வையில் கண்ணை உறுத்துவது இவற்றின் ஒழுங்கின்மை. புட்டி நேராக நிற்கவில்லை; அதன் இடப்பக்கத்து வளைவும் வலப்பக்கத்து வளைவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மேசையின் விளிம்பு துணிக்கு இடப்புறம் ஒரு மட்டத்தில் சென்று மறைகிறது. வலப்புறம் வெளிப்படும்போது வேறொரு மட்டத்தில் இருக்கிறது. இடையில் உள்ள துணியை நீக்கினால் ஒரு மேசைக்குப் பதில் இரண்டு மேசைகளைக் காண்போமோ என்று ஐயுறத் தோன்றும். பிஸ்கோத்துத் தட்டும் இத்தகையதே: அடியில் உள்ளவற்றைப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம், மேலே உள்ளவையோ நாம் எழுந்து நின்று குனிந்து பார்ப்பது போல முகம் காட்டுகின்றன.

இது கைத்திறக் குறைவா, கருத்தோடு செய்ததா? இவ்வினாவுக்கு விடை காணாமல் இப்படத்தைப் பாராட்டுவதும் பழிப்பதும் வெறும் சொல்லாகவே முடியும். அவர் காலத்தவருள் சிலர் முதல் விடையையே கூறினர். எழுத்தாளர் உய்ஸ்மான்ஸ், செசானின் திறமையை ஒப்புக்கொண்டபோதிலும், அவருடைய விழித்திரையே பழுதுற்றது என்ற கருத்துப்பட எழுதினார். பிற்காலத்தவர் வேறொரு விடையை வைத்துக்கொண்டனர். பிக்காசோவும் பிராக்கும் வளர்த்த கியூபிசத்துக்குச் செசான் வழி திறந்தார். ஆகவே இக்கோணல்கள் வருங்காலத்தின் முன்னறிவிப்புகள் என்றனர். முதல் விடை ஓவியரைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது விடை ஓவியத்தை வேறொரு மாடிக்கு ஏறும் படிக்கட்டாக்குகிறது. படத்தைப் படமாகக் காண இவ்விரண்டுமே நமக்குத் துணை செய்யவில்லை.

இங்கு ஒரு பழைய விதியை நினைவுகொள்ளுதல் நலம். இத்தாலிய அறிஞர் அல்பெர்ட்டி 1435-இல் வகுத்த இலக்கணப்படி, ஓவியம் என்பது ஒரு சாளரம். அதன் முன் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் ஒரு கண்ணுக்கு உலகம் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே ஓவியன் தீட்டுதல் வேண்டும். 400 ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய ஓவியம் இவ்விதியின் நிழலில் வளர்ந்தது. ஆனால் நாம் உண்மையில் அவ்வாறா பார்க்கிறோம்? நமக்குக் கண்கள் இரண்டு. தலையைத் திருப்புகிறோம், ஒரு காலை மாற்றி ஊன்றுகிறோம், கூடையைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்க்கச் சற்று நகர்கிறோம். அதற்குள் மேசையின் விளிம்பு சிறிது இடம் மாறிவிடுகிறது. அல்பெர்ட்டியின் விதி அம்மாற்றத்தை மறைக்கச் சொல்கிறது. செசான் மறைக்கவில்லை.

அவர் பணியாற்றிய முறை இதனை உறுதிப்படுத்துகிறது. வொலாரின் உருவப்படத்தை 1899-இல் தீட்டியபோது, அவரை 115 முறை அமரச் செய்ததாக வொலாரே எழுதியிருக்கிறார். அத்துணை மெதுவாக வரைபவருக்கு ஆளைவிடக் கனியே பொறுமையான துணை. கனிகளை அவர் அடுக்கும் அழகை அருகிருந்து கண்ட இளம் ஓவியர் ஒருவர், பழங்களின் அடியில் சிறு நாணயங்களைச் செருகித் தாம் விரும்பிய சாய்வு வரும்வரை செசான் திருத்திக்கொண்டே இருந்ததைப் பதிவு செய்துள்ளார். ஒரு பழத்தின் சாய்வுக்கு நாணயத்தின் கனம் பார்த்தவர், மேசை விளிம்பு பொருந்தாததைக் காணாமல் விட்டார் என்று சொன்னால் யார் நம்புவார்?

மோனே 1891-இல் காட்சிக்கு வைத்த வைக்கோற்போர் வரிசையை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒளி மாறும்போது மோனே வேறொரு திரையை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு படம். செசானோ பல நாட்களின் பார்வையை ஒரே திரையில் சேர்த்து வைத்தார். ஆகவே மோனேயின் படத்தில் கணம் இருக்கிறது. செசானின் படத்தில் காலம் தங்கியிருக்கிறது.

இவ்விடத்தில் வாசகர் ஒரு தடை எழுப்பக்கூடும். 'கோணலுக்கெல்லாம் இவ்வாறு பொருள் சொல்லிக்கொண்டே போனால், வரையத் தெரியாதவனையும் மேதையென்று கொண்டாட வேண்டி வருமே. இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு?' தடை நியாயமானதே. அதற்குரிய சோதனை படத்திலேயே இருக்கிறது. மனத்தளவில் ஒரு கோணலை நிமிர்த்திப் பாருங்கள். புட்டியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். உடனே கூடை தனித்துப்போய் முன்னால் சரிகிறது. அதனைத் தாங்கியது இதுவரை புட்டியின் சாய்வே. மேசை விளிம்பை ஒரே கோடாக்குங்கள். வலப்புறத்துத் தட்டு தன் எடையை இழக்கிறது. கனிகளெல்லாம் இடப்புறமே கனத்துவிடுகின்றன. தேர்ச்சியற்றவன் படத்தில் ஒரு பிழையைத் திருத்தினால் படம் அந்த அளவுக்குச் செம்மையுறும். இப்படத்திலோ ஒன்றைத் திருத்தினால் மற்றவை குலைகின்றன. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் கோணல்களைப் பிழை என்று கூறுதல் பொருந்தாது. அவற்றுக்கு அமைப்பு என்றே பெயர்.

துணியையும் சற்றுக் கவனிக்க வேண்டும். அது வெறும் பின்னணியாக அமையவில்லை. மலைச்சரிவு போல மடிந்து இறங்கும் அதன் வெண்மையில் நீலமும் சாம்பலும் கலந்துள்ளன. உருண்டுவிடும் என்று நாம் அஞ்சும் கனிகளை அம்மடிப்புகளே ஏந்தி நிறுத்துகின்றன. கனிகளின் உருட்சி, கருமை சேர்த்து உருவாக்கிய நிழலால் மட்டும் வந்ததன்று. சிவப்பு, மஞ்சள், பச்சை எனச் சிறு சிறு தீற்றல்கள் அருகருகே நின்று அவ்வுருட்சியைத் தோற்றுவிக்கின்றன.

இக்கனிகளுக்கு உட்பொருள் ஏதும் உண்டா? உள்ளுறையும் இறைச்சியும் கண்டு பழகிய தமிழ் நெஞ்சுக்கு இவ்வினா இயல்பாக எழும். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்கள் பலவற்றில் மண்டையோடும் அணையும் மெழுகுவர்த்தியும் நிலையாமையை உணர்த்தி நின்றன. அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் மையர் ஷாப்பிரோ 1968-இல் எழுதிய கட்டுரையில், செசானின் ஆப்பிள்களில் அடக்கப்பட்ட காதல் வேட்கையின் சாயலைக் கண்டார். நுண்ணிய ஆய்வுதான். எனினும் இந்தக் குறிப்பிட்ட படத்தைப் பொறுத்தவரை அவ்விளக்கம் நமக்குத் தேவைப்படவில்லை. கனி இங்குக் கனியாகவே நின்று நம் கருத்தைக் கவர்கிறது. வேறொன்றுக்குக் குறியீடாகாமலே ஒரு பொருள் இவ்வளவு கனம் பெற முடியும் என்பதே செசான் நிலைநாட்டிய புதுமை.

குறையும் இல்லாமல் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் ஷார்டேன் தீட்டிய பழங்களில் தோலின் மென்மையும் சாற்றின் ஈரமும் உண்டு. அவற்றை எடுத்துச் சுவைத்த கை அருகிலேயே இருப்பதாக உணர்கிறோம். செசானின் ஆப்பிள்கள் பசியைத் தூண்டுவதில்லை. அந்த மேசையில் யாரும் உண்ண அமரப் போவதுமில்லை. வீட்டின் கதகதப்பை விலையாகக் கொடுத்தே அவர் இந்த உறுதியைப் பெற்றார் எனலாம். அது சிறிய விலையன்று. எனினும் வாங்கிய பொருள் அவ்விலைக்குத் தகும்.

நம்மில் பெரும்பாலோர் இப்படத்தை அச்சுப் பிரதியாகவே காண இயலும். வண்ணத்தின் தடிப்பும் தூரிகையின் தடமும் அச்சில் மங்கிவிடும்; ஆனால் நாம் மேலே கூறிய அமைப்பு மங்காது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்து, மேசைமேல் ஒரு துணியை விரித்து, நாலைந்து பழங்களையும் ஒரு புட்டியையும் வைத்து, இருந்தும் நின்றும் அவற்றைப் பார்க்கச் சொல்லலாம். எந்த இடத்திலிருந்து கண்டது மெய் என்று கேட்டால், ஒவ்வொரு பிள்ளையும் தன் இடத்தையே சொல்லும். யாரும் பொய் சொல்லவில்லை. அத்தனை பேர் கண்டதையும் ஒரே மேசையில் சண்டையின்றி அமர்த்த முடியுமா என்பதே செசான் எடுத்துக்கொண்ட கேள்வி. முடியும் என்பதற்குச் சாய்ந்த அந்தக் கூடையும், சரியாமல் நிற்கும் அக்கனிகளும் சான்று.