டொமஸ்டிக் குருசேடர்ஸ்: பாகிஸ்தானிய அமெரிக்கக் குடும்ப நாடகம் – ஒரு மதிப்பீடு

‘தி டொமஸ்டிக் குருசேடர்ஸ்’ என்பது பாகிஸ்தானிய அமெரிக்க எழுத்தாளர் வஜாஹத் அலி எழுதிய ஆங்கில நாடகம். அமெரிக்காவில் குடியேறிய ஒரு பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் ஒரே வீட்டில் ஒரே நாளில் கூடுவதும், பேசுவதும், சண்டையிடுவதுமே இதன் கதை. பெரிய நாடக நிறுவனம் எதுவும் கேட்டு எழுதப்பட்டதன்று. பல்கலைக்கழக வகுப்பறையில் தொடங்கி, உணவகத்தில் வாசிக்கப்பட்டு, பின்பு மேடைக்கு வந்த நாடகம் இது. தங்கள் வாழ்க்கையைத் தாங்களே மேடையில் சொல்ல முற்படும் சிறுபான்மைச் சமூகத்துக்கு என்ன வலிமை உண்டு, எங்கே கால் இடறுகிறது என்பதை அறிய மாணவர்களுக்கு இந்நாடகம் நல்ல எடுத்துக்காட்டு.

பிறந்த கதை

வஜாஹத் அலி கலிபோர்னியா மாநிலத்தின் ஃப்ரீமாண்ட் நகரைச் சேர்ந்தவர். 2001-ல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தார். அவருக்குப் படைப்பிலக்கியம் கற்பித்தவர் இஷ்மயேல் ரீட். ‘மம்போ ஜம்போ’ (1972) என்னும் நாவலால் அறியப்பட்ட கறுப்பின எழுத்தாளர் இவர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்க முஸ்லிம்களைப் பற்றிச் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் ஓயாமல் பேசின. ஆனால் அவர்களே பேசிய பேச்சு மிகக் குறைவு. அந்த நிலையில் ரீட் தம் மாணவரை அழைத்து, ஒரு முஸ்லிம் அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றி நாடகம் எழுதச் சொன்னார். வகுப்புப் பயிற்சியாகத் தொடங்கிய அந்த வேலைதான் சில ஆண்டுகளில் முழு நாடகமாக வளர்ந்தது.

முதலில் இது கலிபோர்னியாவின் நியூவார்க் நகரில் ஒரு தெற்காசிய உணவகத்தில் வாசிக்கப்பட்டது. 2005-ல் பெர்க்லி ரெபர்ட்டரி அரங்கில் முன்னோட்டமாக மேடையேறியது. 2009 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் நியூயோரிக்கன் பொயட்ஸ் கஃபேயில் அரங்கேறி ஒரு மாதம் நடந்தது. ரீடின் மனைவியும் நாடகக் கலைஞருமான கார்லா பிளாங்க் இயக்கினார். தெற்காசிய வம்சாவளியினர் நடித்தனர். 2010-ல் வாஷிங்டன் கென்னடி மையத்திலும் நடிக்கப்பட்டது. பின்னர் மெக்ஸ்வீனிஸ் பதிப்பகம் நூலாக வெளியிட்டது.

இந்தப் பயணத்தில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எழுதத் தூண்டியவர் கறுப்பின எழுத்தாளர். நியூயார்க்கில் இடம் கொடுத்ததோ, 1973-ல் மிகெல் அல்கரீனும் நண்பர்களும் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளிக் கவிஞர்களுக்காகத் தொடங்கிய அரங்கு. தமக்கு முன் வந்து, தம் குரலுக்காகப் போராடி இடம் பிடித்த சிறுபான்மையினர், பின்னால் வந்தவர்களுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்க நாடக வரலாற்றை மாணவர்கள் படிக்கும்போது இந்தக் கைமாற்றத்தை மறக்கக் கூடாது.

குடும்பமும் கதையும்

கடைசி மகன் கஃபூருக்கு அன்று 21-ஆம் பிறந்த நாள். தாய் குல்சூம் சமையலறையில் இருக்கிறார். தந்தை சல்மான் பொறியாளர். மூத்த மகன் சலாஹுத்தீன் வணிகத்தில் பணம் பார்த்தவர். மகள் ஃபாத்திமா முக்காடு அணிபவர், சட்டம் படிப்பவர், அரசியல் போராட்டங்களில் ஈடுபடுபவர். தாத்தா ஹக்கீம் பாகிஸ்தான் இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஆறே பாத்திரங்கள், ஒரே வீடு, ஒரே நாள்.

பிறந்த நாள் விருந்துக்காகக் கூடிய குடும்பத்தில் ஒவ்வொரு பூசலாக வெளிவருகிறது. மகளின் திருமணப் பேச்சு, தந்தையின் அலுவலக மனக்கசப்பு, மூத்தவனின் போக்கு என்று பேச்சு வளர்கிறது. மருத்துவம் படிப்பான் என்று வீடே எதிர்பார்த்த கஃபூர், தான் ஆசிரியராகப் போவதாகச் சொல்கிறான். தாத்தாவோ 1947 பிரிவினைக் காலத்தில் நடந்த, அதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறார்.

ஒரே நாளில் ஒரே வீட்டுக்குள் குடும்பத்தின் உண்மைகளை அவிழ்ப்பது அமெரிக்க நாடகத்துக்குப் பழகிய முறைதான். யூஜின் ஓநீலின் ‘லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்’ நாடகத்தில் இதைக் காணலாம். ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வரவேற்பறையிலேயே நாட்டின் நிறவெறியைக் காட்டியது 1959-ல் வந்த லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் தி சன்’. அலி அந்த வழியில்தான் வருகிறார். வடிவம் புதிதன்று, அந்த வடிவத்துக்குள் வந்து உட்கார்ந்த குடும்பம் புதிது.

பெயர்களில் உள்ள பொருள்

தலைப்பில் இரண்டு பொருள்கள் உள்ளன. ‘டொமஸ்டிக்’ என்றால் வீட்டுக்குரியது என்றும் பொருள், உள்நாட்டுக்குரியது என்றும் பொருள். ‘குருசேடர்’ என்றால் சிலுவைப் போராளி. தாக்குதல் நடந்த சில நாள்களில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், பயங்கரவாதத்துக்கு எதிரான நடவடிக்கையைக் குறிக்கச் சிலுவைப் போர் என்னும் சொல்லைப் பயன்படுத்தியது உலகெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது. அந்தச் சொல்லை எடுத்து ஒரு முஸ்லிம் குடும்பத்தின் தலையிலேயே சூட்டியது எழுத்தாளரின் குறும்பு. வெளியே நடக்கும் போர் வேறு; இந்த வீட்டுக்குள் ஒவ்வொருவரும் தத்தம் கொள்கைக்காக நடத்தும் போர் வேறு.

பாத்திரப் பெயர்களும் அப்படியே. சலாஹுத்தீன் என்பது 1187-ல் சிலுவைப் போராளிகளிடமிருந்து ஜெருசலேத்தை மீட்ட மன்னரின் பெயர். அந்தப் பெயரைச் சுமப்பவரே இவ்வீட்டில் அமெரிக்க வாழ்வின் வசதிகளோடு அதிகம் ஒன்றிப்போனவர். கஃபூர் என்றால் மன்னிப்பவன். ஃபாத்திமா நபிகளாரின் மகள் பெயர். ஹக்கீம் என்றால் அறிவாளி. ஆனால் இந்த அறிவாளி சுமந்து திரிவது ஆறாத நினைவை.

நாடகத்தின் பலம்

இந்நாடகத்தின் உயிர் சமையலறையில் இருக்கிறது. தாய் பிரியாணி செய்துகொண்டே பிள்ளைகளைத் திட்டுகிறார், வற்புறுத்துகிறார், கெஞ்சுகிறார். ஆங்கில வசனங்களுக்கிடையே உருதுச் சொற்கள் இயல்பாக வந்து விழுகின்றன. இந்தப் பகுதிகளில் குடும்பம் தன்னைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. முஸ்லிம்கள் நல்லவர்கள் என்று நிரூபிக்க முயல்வதும் இல்லை. மற்ற குடும்பங்களைப் போலவே பொருமுகிறது, பொய் சொல்கிறது, பெருமையடிக்கிறது, சிரிக்கவும் செய்கிறது.

இந்தக் காலத்தின் சூழலை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். 2002-ல் அமெரிக்க அரசு ஒரு சிறப்புப் பதிவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளாக இருந்த ஒரு பட்டியலைச் சேர்ந்த, குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாத 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், அரசு அலுவலகத்துக்குச் சென்று கைரேகை பதிய வேண்டியிருந்தது. பாகிஸ்தானும் அந்தப் பட்டியலில் இருந்தது. 80,000-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு பதிந்தனர். பெயரும் பிறந்த நாடும் மட்டுமே ஒருவரை அலுவலக வரிசையில் நிறுத்திய காலத்தில், அதே மக்களை மேடையில் பெயரோடும் குணத்தோடும் குறைகளோடும் நிறுத்துவது சிறிய வேலையன்று.

குடும்பத்தின் ஆசைகளுக்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் பழைய நாட்டு வாரி ஒதுக்கீட்டு முறையை நீக்கியது. அதன் பின் ஆசியாவிலிருந்து மருத்துவர்களும் பொறியாளர்களும் பெருமளவில் அமெரிக்கா சென்றனர். படிப்பே அவர்களுக்குக் கதவைத் திறந்தது. ஆகவே பிள்ளைகளும் மருத்துவராகவோ பொறியாளராகவோ ஆக வேண்டும் என்பது அவர்களுக்கு ஆசை மட்டுமன்று, காப்பீடும் கூட. அந்த வீட்டில் ஒரு மகன் ஆசிரியராகப் போகிறேன் என்பது ஏன் இடியாக விழுகிறது என்பது இப்போது விளங்கும்.

பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்த என் போன்றவர்களுக்கு இந்தக் காட்சி தனியாக உறைக்கும். ‘போயும் போயும் வாத்தியார் வேலையா’ என்னும் கேள்வி எந்த ஒரு நாட்டுக்கும் மதத்துக்கும் மட்டும் உரியதன்று. ஆனால் அலி இதை வெறும் பிழைப்புச் சண்டையாக விட்டுவிடவில்லை. தம் மக்களைப் பற்றி வெளியார் சொல்வதையே எல்லோரும் கேட்கும் நாட்டில், கற்பிக்கும் இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று அந்த இளைஞன் முடிவு செய்கிறான். எழுத்தாளர் நாடகம் எழுதியதும் அதே முடிவின் வேறு வடிவம்தான்.

நாடகத்தின் குறை

குறையும் இங்கேயே தொடங்குகிறது. ஆறு பாத்திரங்களும் ஆறு கருத்துகளின் வாயாகவும் இருக்கிறார்கள். மூத்தவர் என்றால் வசதியோடு ஒன்றுதல், மகள் என்றால் போராட்டம், இளையவன் என்றால் நம்பிக்கை, தாத்தா என்றால் கடந்த காலம் என்று எளிதில் வகுத்துவிடலாம். ஊடகம், வெளியுறவுக் கொள்கை, தப்பெண்ணம் ஆகியவை பற்றிய விவாதங்கள் வரும்போது, பாத்திரங்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதை விட்டு, அரங்கில் உட்கார்ந்திருக்கும் வேற்றாரோடு பேசத் தொடங்கிவிடுகிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தியை ஏன் ஒருவர் மற்றவருக்கு விளக்க வேண்டும்? அந்த விளக்கம் நமக்காகத்தான் என்று தெரிந்தவுடன் வீடு மறைந்து மேடை மட்டும் தெரிகிறது.

தாத்தாவின் காட்சி இதற்கு நேர்மாறு. பிரிவினையில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். எல்லாத் தரப்பிலும் கொலைகள் நடந்தன. அந்த வன்முறையின் நிழல் அமெரிக்காவில் ஒரு பிறந்த நாள் விருந்தின்மேல் விழுகிறது. இங்கே வெளியாருக்குச் சாதகமான சான்றிதழ் எதுவும் காட்டப்படவில்லை. தம் வீட்டுப் பழங்கணக்கைத் தாமே எடுத்துப் பார்க்கும் துணிவு இருக்கிறது. நாடகம் முழுவதும் இந்தத் தளத்திலேயே நின்றிருந்தால் இன்னும் பெரிய படைப்பாகியிருக்கும்.

மற்றொரு நாடகத்தோடு ஒப்பீடு

பாகிஸ்தானிய அமெரிக்கர் எழுதிய நாடகங்களில் மிகவும் புகழ்பெற்றது அயத் அக்தரின் ‘டிஸ்கிரேஸ்டு’. 2012-ல் சிகாகோவில் அரங்கேறி, 2013-ல் புலிட்சர் பரிசு பெற்று, 2014-ல் பிராட்வே சென்றது. தன் பாகிஸ்தானிய வேரை மறைத்து, அப்துல்லா என்ற குடும்பப் பெயரைக் கபூர் என்று மாற்றிக்கொண்ட அமீர் என்னும் வழக்கறிஞரின் வீழ்ச்சியே கதை. ஓர் இரவு விருந்தில் பேச்சு முற்றி, அவருள் புதைந்திருந்தவை வெளிவந்து, கடைசியில் அவர் மனைவியை அடிக்கிறார். நாடகக் கட்டுக்கோப்பில் இது அலியின் நாடகத்தைவிட இறுக்கமானது, வசனமும் கூர்மையானது. முஸ்லிம் ஆண்களைப் பற்றிய பழைய எண்ணத்தையே இது உறுதி செய்கிறது என்ற எதிர்ப்பும் அதற்கு எழுந்தது.

இரண்டிலும் விருந்து உண்டு. அமீர் வீட்டு விருந்தில் அவரைத் தவிர முஸ்லிம் ஒருவரும் இல்லை. மனைவி வெள்ளையர், நண்பர் யூதர், உடன் பணியாற்றுபவர் கறுப்பினப் பெண். எனவே அவர் வாய் திறந்தாலே ஒரு மதத்தின் பிரதிநிதியாகிவிடுகிறார். கஃபூர் வீட்டு விருந்திலோ அறுவரும் முஸ்லிம்கள். ஒருவர் தவறினால் இன்னொருவர் மறுக்கிறார். தனி ஒருவர் தலையில் சமூகத்தின் பாரம் முழுவதும் இறங்குவதில்லை. கலைத்திறனில் அக்தரின் நாடகம் முந்தினாலும், இந்த ஒரு நியாயத்தில் அலியின் நாடகம் முந்துகிறது.

முடிவாக

ஒரு சமூகம் தன்னைத்தானே மேடையேற்றும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டாயம் வரும். வெளியார் விளக்கம் கேட்பார்கள். சொந்தக்காரர்கள், வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டாதே என்பார்கள். இரண்டுக்கும் இணங்கினால் மிஞ்சுவது சொற்பொழிவு. ‘டொமஸ்டிக் குருசேடர்ஸ்’ சில இடங்களில் முதல் கட்டாயத்துக்கு இணங்கியிருக்கிறது. இரண்டாவதற்கு இணங்கவில்லை, அதனால்தான் படிக்கத் தக்கதாக நிற்கிறது.

மாணவர்கள் இதைப் படிக்கும்போது ஒவ்வொரு நீண்ட வசனத்துக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதிப் பார்க்கலாம்: ‘இதை இவர் யாருக்குச் சொல்கிறார்?’ விடை அந்த வீட்டுக்குள் இருக்கும் ஒருவரானால் அங்கே நாடகம் நடக்கிறது. அரங்கில் இருக்கும் நாமானால் அங்கே நாடகம் நின்றுவிட்டது. இந்த நாடகத்துக்கு மட்டுமன்றி, எந்தச் சமூகத்தின் நாடகத்துக்கும் இந்தக் கேள்வி உதவும்.