ஒரே தெருவில் மூன்று மண்டலம்: ஒரு ப்ளூரே ப்ளேயரை எடை போடுவது

ப்ளூரே ப்ளேயர் விமர்சனங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சுல வார்த்தது. படம் எவ்வளவு துல்லியம், டிஸ்க் போட்டால் எத்தனை நொடியில் படம் வருகிறது, சத்தம் எப்படி, ரிமோட் கைக்கு அடக்கமா இருக்கா, கடைசியில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். நான் வாங்கியது ஆரம்ப விலை ரகத்தில் ஒரு சாதாரணப் பெட்டி. கம்பெனி பெயர் வேண்டாம், இந்த ரகத்தில் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே சரக்கைத்தான் விற்கிறார்கள். மூன்று மாதம் ஓட்டிப் பார்த்ததில் எனக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி அந்த விமர்சனங்கள் எதிலும் இல்லை. இந்தப் பெட்டி எதையெல்லாம் ஓட்ட மறுக்கும்?

முதலில் ஓட்டுகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. விசிடியின் படம் 352 க்கு 288 புள்ளி. டிவிடி 720 க்கு 576. ப்ளூரே 1920 க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் விசிடியைப் போல இருபது மடங்கு, டிவிடியைப் போல ஐந்து மடங்கு. இவ்வளவையும் அதே 12 செ.மீ. தகட்டில் அடைக்க முடிந்ததற்குக் காரணம் லேசர். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர், டிவிடியைப் படிப்பது 650, ப்ளூரேயைப் படிப்பது 405 நானோமீட்டர் நீலஊதா ஒளி. அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளி சின்னதாகும், தடங்களை நெருக்கி எழுதலாம். ஒரு அடுக்கில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50 ஜிபி.

"இப்ப யாரு சார் டிஸ்க்கு? எல்லாம் ஓடிடிலயே வருதே" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. முழு எச்டி படத்துக்கு நெட்பிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் நொடிக்கு 5 மெகாபிட். ப்ளூரேயில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை இடம் உண்டு. இரண்டிலும் 1080 என்றுதான் போட்டிருக்கும். ஆனா மழைக்காட்சி, புகை, இருட்டில் அசையும் கூட்டம் இதெல்லாம் வரும்போது வித்தியாசம் தெரிந்துவிடும். ஓடிடியில் இருட்டு கட்டம் கட்டமாக உடையும், டிஸ்க்கில் உடையாது. ஒலியிலும் அப்படித்தான். டிஸ்க்கில் இழப்பே இல்லாத ஒலித்தடம் வைக்கலாம்.

பாட்டு கேட்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. சினிமா நொடிக்கு 24 சட்டகம். பால் முறை டிவிக்கு 25 வேண்டும். அதனால் பழைய மாற்றங்களில் படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள், நான்கு சதவீதம். 160 நிமிடப் படம் 154 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூடவே ஒலியைச் சரிக்கட்டாவிட்டால் சுருதி முக்கால் அரைச்சுரம் போல ஏறிவிடும். அப்படி மாற்றிய பிரதிகளில் வருஷக்கணக்கா பாட்டு கேட்டுப் பழகிய காதுக்கு, கேசட்டில் கேட்டதும் படத்தில் கேட்டதும் ஏன் ஒட்டவில்லை என்று குழப்பமாக இருக்கும். ப்ளூரே 24 சட்டகத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ப்ளேயரில் 24பி வெளியீடு என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை ஆன் பண்ணி, டிவியும் அதை ஏற்கிறதா என்று பாருங்கள். என் பெட்டி இதைச் சரியாகச் செய்கிறது.

இனி மறுக்கிற கதை.

ப்ளூரே உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏ என்பது வட, தென் அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சிங்கப்பூர், மலேசியா. பி என்பது ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியா, ஆஸ்திரேலியா. சி என்பது இந்தியா, சீனா, ரஷ்யா மற்றும் சுற்றுவட்டாரம். இந்தியக் கடையில் வாங்கும் ப்ளேயர் சி. ஏ என்று பூட்டிய டிஸ்க்கைப் போட்டால் ஒரு எச்சரிக்கை வாசகம் வரும், அவ்வளவுதான்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது எப்போதாவது வரும் தலைவலி. திருவண்ணாமலையில் அப்படி இல்லை. செங்கம் ரோடு, ரமண நகர் பக்கம் வந்து பாருங்கள். கார்த்திகை தீபத்தை ஒட்டி வரும் வெளிநாட்டவர் மார்ச் வெயில் தொடங்கியதும் கிளம்புவார்கள். கிளம்பும்போது குக்கர், மின்விசிறி, புத்தகம், டிஸ்க் எல்லாம் இங்கேயே தங்கிவிடும். என் அலமாரியில் இருப்பதில் பாதி அப்படி வந்ததுதான். ஒரு ஜெர்மன்காரர் விட்டுப்போனது பி. ஒரு அமெரிக்கப் பெண்மணி கொடுத்தது ஏ. பெட்டி சி. மூன்று மண்டலமும் ஒரே தெருவில் குடியிருக்கிறது, ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை.

அந்த அமெரிக்கப் பெண்மணி கொடுத்ததில் ஒரு பெட்டி மார்ட்டின் ஸ்கோர்செஸியின் உலக சினிமாத் திட்டத் தொகுப்பு, நான்காவது. கிரைட்டீரியன் நிறுவனம் 2022-ல் வெளியிட்டது. அதில் ஆறு படம், அதில் ஒன்று 'கல்பனா', 1948. நடனக் கலைஞர் உதயசங்கர் இயக்கிய ஒரே படம். மொழி இந்தி. ஆனால் எடுத்தது சென்னை ஜெமினி ஸ்டுடியோவில். நம்ம நாட்டியப் பேரொளி பத்மினி முதன்முதலில் திரையில் வந்தது இதில்தான். அதே 1948-ல் அதே ஸ்டுடியோவிலிருந்து வாசனின் 'சந்திரலேகா'வும் வந்தது. கல்பனாவைப் புதுப்பித்து 2012-ல் கான் விழாவில் திரையிட்டார்கள்.

சென்னையில் எடுத்த படத்தின் நல்ல பிரதி, காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க், திருவண்ணாமலையில் என் கையில். தமிழ்நாட்டில் சட்டப்படி விற்ற ப்ளேயர் அதை ஓட்ட மாட்டேன் என்கிறது. கிரைட்டீரியன் தன் ப்ளூரேக்களை ஏ மண்டலத்துக்கு மட்டும் பூட்டி விடுவது வழக்கம். அவர்கள் வாங்கும் உரிமை வட அமெரிக்காவுக்கு மட்டும் என்பதால் அது அவர்கள் பக்க நியாயம். இந்தியாவில் யாரும் இந்தத் தொகுப்பை வெளியிடாத நிலையில், என்னைத் தடுத்து இங்கே யாருடைய வியாபாரத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மென்பொருள்காரன் என்ற முறையில் இந்தப் பூட்டு எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது. ப்ளேயரில் 20 என்று எண்ணிட்ட ஒரு சின்னப் பதிவேட்டில் மண்டல எண் இருக்கும். டிஸ்க்கில் இருக்கும் நிரல் அதைப் படித்து, பிடிக்கவில்லை என்றால் நின்றுவிடும். விஷயம் அவ்வளவுதான். சோதனை டிஸ்க் பக்கம் இருப்பதால், சோதிக்காத டிஸ்க் எல்லா ஊரிலும் ஓடும். வார்னர், யூனிவர்சல், பாரமவுண்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் அப்படித்தான். அட்டையில் என்ன எழுத்து போட்டிருந்தாலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு மண்டலமே கிடையாது. ஆனா 4கே ப்ளேயரில் சாதாரண ப்ளூரே போட்டால் பழைய பூட்டு அப்படியே நிற்கும். கடையில் "4கே வாங்குங்க சார், எல்லாம் ஓடும்" என்றால் பாதிதான் உண்மை.

டிவிடி காலத்தில் இந்தப் பிரச்சினை இங்கே யாருக்கும் தெரியவே தெரியாது. டிவிடிக்கும் மண்டலம் உண்டு, இந்தியா ஐந்தாம் எண். ரிச்சி தெருவில் வாங்கிய மலிவு ப்ளேயர்கள் எந்த எண்ணையும் மதித்ததில்லை. தமிழ்ப்பட டிவிடிகளும் பெரும்பாலும் மண்டலம் போடாமலே வந்தன. 2007-ல் மோசர் பேர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோது, திருட்டு டிஸ்க்கோடு விலையில் மோதலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. ப்ளூரே அந்த விலைக்கு இறங்கவே இல்லை. மோசர் பேர் 2018-ல் கலைப்புக்குப் போனது. ப்ளூரே நம் ஊர்க் கடைகளில் அலமாரி அளவுக்குக்கூட வளரவில்லை.

சரி, அமெரிக்காவிலிருந்து வரும் மச்சானிடம் ஒரு ப்ளேயர் கொண்டுவரச் சொன்னால்? யோசித்துச் சொல்லுங்கள். அங்கே விற்கும் பல மாடல்கள் 110 வோல்ட்டுக்கானவை, நம் 230-ல் நேரடியாகச் சொருகினால் புகைதான். 50 ஹெர்ட்ஸ் டிஸ்க்கை அவற்றில் பல ஏற்காது, அதாவது வீட்டில் இருக்கும் பால் டிவிடிகள் போச்சு. டிவிடிக்கு மண்டலம் ஒன்று. ஒரு கதவைத் திறக்க மூன்று கதவை மூடுவது.

மண்டலப் பூட்டை எடுப்பது சட்டப்படி தப்பா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு வந்தது. பாதுகாப்பு ஏற்பாட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான். சட்டம் தடை செய்யாத காரியத்துக்காகச் செய்வதற்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. இன்னொருவர் அதற்கு உதவி செய்தால், அவர் உங்கள் பெயர், முகவரி உட்பட முழு விவரத்தையும் பதிவு செய்து வைக்க வேண்டுமாம். ரிச்சி தெரு மெக்கானிக் லெட்ஜர் போட்டு உட்கார்ந்திருக்கும் காட்சியை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. நான் வக்கீல் இல்லை, ஆனாலும் நான் வைத்திருக்கும் அசல் டிஸ்க்கை நானே பார்ப்பதில் மீறும் நோக்கம் எங்கே இருக்கிறது?

அடுத்த மறுப்பு தமிழுக்கு. பென்டிரைவில் படத்தையும் தமிழ் எஸ்ஆர்டி சப்டைட்டிலையும் போட்டுச் சொருகினேன். திரையில் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவே இல்லை. எழுத்துரு உள்ள வேறொரு பெட்டியில் நண்பர் வீட்டில் பார்த்தால் இன்னொரு கூத்து: 'கொ' என்பது கொம்பும் ககரமும் காலும் ஒழுங்காகச் சேராமல் சிதறிக் கிடந்தது. எழுத்துரு இருந்தால் மட்டும் போதாது, எழுத்தை முன்னும் பின்னும் கூட்டிவைக்கும் நிரலும் வேண்டும். டிஸ்க்கிலேயே வரும் சப்டைட்டிலுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, ஏனென்றால் அது எழுத்து அல்ல, படம். தமிழைப் படமாக வரைந்து அனுப்பினால் எந்தப் பெட்டியும் காட்டும். எட்டாயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டில் விற்கும் பெட்டியில் தமிழ் எழுத்து வராதது எந்த விமர்சகருக்கும் குறையாகத் தெரியவில்லை.

கரண்ட் சமாச்சாரமும் உண்டு. பாதிப் படத்தில் மின்சாரம் போய் வந்தால் டிவிடியை விட்ட இடத்தில் பிடிக்கிறது. ஜாவாவில் எழுதிய மெனு உள்ள ப்ளூரே பலவற்றில் அது நடக்காது. மறுபடி எச்சரிக்கை, விளம்பரம், மெனு, மொழித் தேர்வு. பாட்டிக்கு கிரிவலப் பாதையில் வாங்கிய சாமி பாட்டு விசிடிகளை மட்டும் முகம் சுளிக்காமல் ஓட்டுகிறது. படத்தைப் பெரிதாக்கும்போது மெழுகுப் பூச்சு போல ஆகிவிடும். பாட்டிக்கு அது பிரச்சினை இல்லை.

காலமும் இந்தப் பெட்டிகளுக்கு அனுகூலமாக இல்லை. ஓப்போ 2018-லேயே நிறுத்திவிட்டது, சாம்சங் 2019-ல் அமெரிக்காவில் புது ப்ளேயர் வேண்டாம் என்றது, எல்ஜியும் ஒதுங்கிவிட்டது. அதனால் புதிதாக வாங்குகிறவருக்கு என் யோசனை: வெறும் ப்ளேயரை விட யுஎஸ்பி ப்ளூரே டிரைவ் நல்லது. ப்ளூரேக்கு மண்டலத்தைச் சோதிப்பது டிரைவ் அல்ல, கணினியில் ஓடும் மென்பொருள். கல்பனாவை நான் கடைசியில் அப்படித்தான் லேப்டாப்பில் போட்டு, எச்டிஎம்ஐ வழியாக டிவியில் பார்த்தேன். தமிழ் சப்டைட்டிலும் அதில் ஒழுங்காக வருகிறது. ரிமோட் இல்லை, விசிறிச் சத்தம் கொஞ்சம் உண்டு.

இல்லை, பெட்டிதான் வேண்டும் என்றால் கடைக்குப் போகும்போது பையில் மூன்று சாமான் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய விசிடி, தமிழ் சப்டைட்டில் போட்ட பென்டிரைவ், ஏ அல்லது பி பூட்டுப் போட்ட ஒரு டிஸ்க். கடைக்காரர் டெமோவுக்கு வைத்திருக்கும் மீன்தொட்டிப் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு இவற்றை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். கொஞ்சம் முறைப்பார்.