சந்தன மாலைக்கு ஒரு ரசீது

ராஜீவ் காந்தி கொலை வழக்கைச் சொல்லும் ‘தி ஹன்ட்’ தொடரைப் பார்த்த நண்பர்கள் எல்லாரும் புலனாய்வுக் குழுத் தலைவர் கார்த்திகேயனாக வரும் அமித் சியாலைத்தான் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். எனக்கு டி.எஸ்.பி. ரகோத்தமனாக வரும் பகவதி பெருமாள் போதும். ஃபைல் புரட்டியே தேய்ந்த போலீஸ்காரர் என்பதைத் தோளும் நடையுமே சொல்லிவிடுகின்றன. அசல் ரகோத்தமன் இந்த வழக்கைப் பற்றித் தமிழில் எழுதிய புத்தகத்தைப் படித்தவர்களுக்கு அந்தப் பொறுமையின் அருமை புரியும்.

எங்கள் அடையாற்றிலிருந்து திரு.வி.க. பாலம் தாண்டினால் கிரீன்வேஸ் சாலை. அங்கே ‘மல்லிகை’ கட்டடத்தில்தான் 1991இல் புலனாய்வுக் குழு இயங்கியது. மாலைப் பேப்பரை டிப்போ வாசலில் நின்றபடியே படித்து முடித்த காலம் அது.

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபோது புகைப்படக்காரர் ஹரிபாபுவும் இறந்தார். அவர் கேமரா தப்பியது. அதிலிருந்த பத்துப் படங்களைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். என் மனம் போவதோ பூம்புகார் ரசீதுக்கு. மனித வெடிகுண்டாக வந்த தணு கையில் இருந்த சந்தன மாலை மவுண்ட் ரோடு பூம்புகாரில் வாங்கியது. ரசீது ஹரிபாபு வீட்டில் அகப்பட்டது. இத்தனை பெரிய சதி, ஒரு கைவினைக் கடையில் வரிசையில் நின்று, காசு கொடுத்து, பில் வாங்கியிருக்கிறது! எந்தத் திரைக்கதை ஆசிரியருக்கு இப்படித் தோன்றும்?

இதைவிட ‘ஆட்டோ சங்கர்’ தொடர்தான் விறுவிறுப்பு என்பார் என் பக்கத்து வீட்டுக்காரர். சங்கரின் திருவான்மியூர் நமக்கு இன்னும் பக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2019இல் வந்த அந்தத் தொடர் கொலைகாரனின் முகத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. துப்பு துலக்கும் சுகம் அதில் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது வருகிற தொடர்கள் பலவும் அந்த வழிதான். ரத்தம், இருட்டு, காதைக் கிழிக்கும் பின்னணி இசை. சாட்சியை உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசவிட யாருக்கும் பொறுமையில்லை.

‘தி ஹன்ட்’ மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. பெங்களூரு கோணனகுண்டேயில் சதியை நடத்திய சிவராசன் செத்ததும் வேட்டை முடிகிறது, வழக்கு முடியவில்லையே. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் அதை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஒவ்வொரு சாட்சியத்தையும் நீதிபதிகள் எடைபோட்ட விதத்துக்கே தனியாக ஒரு சீசன் எடுக்கலாம். எடுத்தால், ரகோத்தமனாக மறுபடி பகவதி பெருமாளையே கூப்பிட வேண்டும்.