எதுவும் கெடாமலே விபத்து நடக்குமா? – நான்சி லெவ்சனின் புத்தகத்தை முன்வைத்து

நான்சி லெவ்சன் எழுதிய 'இன்ஜினியரிங் எ சேஃபர் வேர்ல்ட்' (எம்ஐடி பிரஸ், 2011) புத்தகத்தை இரண்டாவது தடவையாகப் படித்து முடித்தேன். முதல் தடவை தலையாட்டிக்கொண்டே போனேன். இந்தத் தடவை ஓரிடத்தில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. அதைக் குறித்துவைக்கத்தான் இந்தப் பதிவு.

அவர் சொல்வதன் சாரம் இது: நம்பகத்தன்மை வேறு, பாதுகாப்பு வேறு. எல்லாப் பாகங்களும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்யும்போதே மொத்த அமைப்பு கவிழலாம். 1999-ல் செவ்வாயில் இறங்கப்போன மார்ஸ் போலார் லேண்டரைப் பாருங்கள். கால்கள் விரிந்தபோது ஏற்பட்ட அசைவைத் தரை தொட்டதாக மென்பொருள் எடுத்துக்கொண்டு, சுமார் 40 மீட்டர் உயரத்திலேயே இன்ஜினை அணைத்திருக்கும் என்பதுதான் விசாரணைக் குழு சொன்ன மிகச் சாத்தியமான காரணம். இதில் எந்தப் பாகம் கெட்டது? எதுவுமில்லை. அதனால் "எது பழுதானது" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எந்தக் கட்டுப்பாடு இல்லாமல் போனது" என்று கேளுங்கள் என்கிறார் லெவ்சன்.

இது எனக்கு வெறும் தியரி இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு இயந்திரத்தின் பழைய கன்ட்ரோல் மென்பொருளைப் புது மாடலுக்கு மாற்றினோம். பழைய மாடலில் இருந்த லிமிட் சுவிட்சைச் செலவு கருதி எடுத்துவிட்டார்கள். "இத்தனை வருஷமா ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரலையே, மென்பொருளே பாத்துக்கும்" என்றார்கள். ரிவ்யூவில் சரி என்று போட்டது நான்தான். டெஸ்டிங்கில் அதன் கை எல்லையைத் தாண்டிப் போய் ஃபிரேமில் இடித்தது. நல்லவேளை, பக்கத்தில் ஆள் இல்லை. அந்த பக் பழைய மாடலிலும் இருந்ததுதான்; சுவிட்ச் ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993-ல் எழுதிய தெராக்-25 ஆய்வைப் பிறகுதான் படித்தேன். தூக்கிவாரிப்போட்டது. 1985-க்கும் 1987-க்கும் நடுவில் ஆறு நோயாளிகளுக்கு மிதமிஞ்சிய கதிர்வீச்சு கொடுத்த இயந்திரம் அது. அதே பிழை முந்தைய தெராக்-20-இலும் இருந்திருக்கிறது. அங்கே ஹார்ட்வேர் தடுப்பு இருந்ததால் ஃபியூஸ் போனதோடு சரி. புது மாடலில் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டார்கள்.

இனி என் குறை. பாதுகாப்பை எப்படி நிர்வகிக்க வேண்டும் என்பதற்கு லெவ்சன் காட்டும் சிறந்த உதாரணம் அமெரிக்கக் கடற்படையின் சப்சேஃப் திட்டம். 1963-ல் த்ரெஷர் நீர்மூழ்கி 129 பேரோடு மூழ்கிய பிறகு உருவானது. அதன் சான்றிதழ் பெற்ற எந்த நீர்மூழ்கியும் அதன்பின் மூழ்கவில்லை. காரணம், அங்கே அதிகாரம் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. புராஜெக்ட் மேனேஜர் தன் இஷ்டத்துக்குப் பாதுகாப்பு விதியைத் தளர்த்த முடியாது. தனியாக இயங்கும் தொழில்நுட்பக் குழு ஏற்கும் வழிகளில் ஒன்றைத்தான் அவர் தேர்ந்தெடுக்கலாம்.

அருமை. ஆனால் அது கடற்படை. மேலிருந்து ஒரு உத்தரவு போட்டால் நடக்கும். டெட்லைன் வைப்பவரும் ரிலீஸுக்குக் கையெழுத்துப் போடுபவரும் ஒரே ஆளாக இருக்கும் பத்துப் பேர் டீமில் என்ன செய்வது? பொறுப்போடு அதிகாரமும் வேண்டும் என்று லெவ்சன் திரும்பத் திரும்பச் சொல்கிறார், சரிதான். அதிகாரம் இல்லாதவன் எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு எனக்குத் தேவைப்பட்ட பதில் இவ்வளவு பெரிய புத்தகத்தில் கிடைக்கவில்லை. அன்றைக்கு இந்த முறையெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தாலும் சுவிட்சைத் திரும்ப வைக்கச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இருந்தாலும் படிக்க வேண்டிய புத்தகம்தான். எட்டாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். அதில் உள்ள எஸ்டிபிஏ முறையை உங்கள் புராஜெக்ட்டிலேயே ஒரு மத்தியானம் போட்டுப் பார்க்கலாம். கட்டுப்பாட்டுப் படம் வரையும்போது ரிலீஸை நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு என்று ஒரு பெட்டி போட்டுப் பெயரை எழுதுங்கள். எங்கள் டீமில் அந்தப் பெட்டி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.