மூன்றாம் பந்திக்கும் தாங்கும் குழம்பு

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை பக்கத்துக் கல்யாண இலையில் இப்போது என்னென்னவோ விழுகிறது. பிரிஞ்சியும் வெங்காயப் பச்சடியும், பனீர் மசாலா, ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் பருப்புப் பொடியும் நெய்யும். சிப்காட் வேலைக்கு வந்த வடமாநிலப் பிள்ளைகளை நினைத்துச் சப்பாத்திகூடப் போடுகிறார்கள். இருக்கட்டும். பந்தியைத் தூக்கி நிறுத்துவது சோற்றில் ஊற்றும் குழம்புதான்.

என் ஓட்டு எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்புக்கு. சாம்பார் முதல் பந்தியில் மணக்கும். நேரம் ஆக ஆகப் பருப்பு இறுகும், வெந்நீர் விட்டு இளக்குவார்கள், அத்தோடு ருசி போச்சு. புளிக்குழம்பு நேர்மாறு. ஊறினால்தான் காய்க்குள் புளியும் காரமும் இறங்கும். காம்போடு நாலாகக் கீறிய பிஞ்சு, நல்லெண்ணெயில் தோல் சுருங்க வதங்கியிருக்க வேண்டும். கரண்டியில் உடையக் கூடாது. இலையில் விரல் பட்டதும் சோற்றோடு குழைய வேண்டும். மேலே எண்ணெய் தெளிந்து நின்றால் பதம் சரி.

சமையல்காரரிடம் எத்தனை ஐட்டம் என்று கேட்காதீர்கள். குழம்பை எத்தனை மணிக்கு இறக்குவீர்கள் என்று கேளுங்கள்.