27 டிகிரி, எந்தத் தட்டில்?

இன்குபேட்டர் விற்க வருகிறவர் நீட்டும் வண்ணத்தாளில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: துல்லியம் ±0.1 டிகிரி. அதற்கு என்ன பொருள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், முகப்பில் சிவப்பாக எரியும் எண் ஒரு தசமம் வரை காட்டும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இராது. உள்ளே நாலைந்து தட்டுகள் இருக்க, சென்சார் இருப்பது ஒரே இடத்தில், பல பெட்டிகளில் விசிறிக்குப் பக்கத்தில். அந்த ஓரிடத்துக் காற்றின் வெப்பம்தான் டிஸ்ப்ளேயில் தெரிகிறது. கீழ்த்தட்டின் பின்மூலையில் நிற்கும் பாட்டிலைப் பற்றி அந்த எண்ணுக்கு எதுவும் தெரியாது.

இங்கே பேசப்போவது திருப்பூரில் ஒரு நீர்ப் பரிசோதனை லேபில் ஓடும் இரண்டு பெட்டிகளைப் பற்றி. ஒன்று நம் நாட்டுத் தயாரிப்பு: கம்ப்ரஸர் வைத்த பி.ஓ.டி. இன்குபேட்டர், சுமார் 250 லிட்டர். மற்றது வெளிநாட்டிலிருந்து வந்த பெல்டியர் வகை. கொள்ளளவு பாதி, விலை பல மடங்கு. ஹோட்டல், அடுக்குமாடிக் குடியிருப்பு, உணவுத் தொழிற்சாலை ஆகியவற்றின் கழிவுநீர்தான் இந்த லேபுக்கு அதிகம் வருகிறது. கூடவே குடிநீரில் கோலிஃபார்ம் பார்க்கும் வேலையும் உண்டு.

முதலில் அறையைப் பார்க்க வேண்டும். ஹீட்டர் மட்டும் உள்ள சாதாரண பாக்டீரியா இன்குபேட்டரின் கையேட்டில், அறை வெப்பத்தைவிட ஐந்து டிகிரியாவது மேலே வைத்தால்தான் கட்டுப்பாடு நிற்கும் என்று எங்கோ ஒரு மூலையில் எழுதியிருக்கும். விசிறி மோட்டாரின் சூடு மட்டுமே பெட்டியை ஒன்றிரண்டு டிகிரி ஏற்றிவிடும், இறக்குவதற்கு அதனிடம் வழி இல்லை. 22 டிகிரி அறையில் வேலை செய்கிறவருக்கு அந்த வரி ஒரு பொருட்டே இல்லை. ஏ.சி. இல்லாத நம் மே மாத அறை 36ஐத் தொடும்போது, 37 டிகிரியில் வளர வேண்டிய தட்டு 38, 39 என்று போய்க்கொண்டிருக்கும். கருவி ஹீட்டரை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். 30 டிகிரி வேலைக்கு அதை நினைக்கவே வேண்டாம். எனவே நம் ஊரில் குளிர்விக்கும் வசதி 20 டிகிரிக்காரர்களின் ஆடம்பரம் என்று எண்ணிவிடக் கூடாது.

பி.ஓ.டி. என்பது, நீரிலுள்ள அழுகும் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்ஸிஜனைச் செலவழிக்கின்றன என்ற அளவு. 300 மி.லி. பாட்டிலில் குமிழி இல்லாமல் நிரப்பி மூடி, தொடக்கத்திலும் முடிவிலும் கரைந்த ஆக்ஸிஜனை அளப்பார்கள். உலகின் பெரும்பகுதியில் இதற்கு 20 டிகிரி, ஐந்து நாள். இந்த ஐந்து நாள் பிரிட்டனின் கழிவுநீர் ராயல் கமிஷன் 1912இல் வெளியிட்ட எட்டாவது அறிக்கையிலிருந்து வருகிறது. அவர்கள் வைத்த வெப்பம் 65 பாரன்ஹீட், அதாவது 18.3 செல்சியஸ். அந்நாட்டு ஆறுகள் ஐந்து நாளுக்குள் கடலைச் சேர்ந்துவிடும், கோடையிலும் நீர் அதற்கு மேல் சூடாகாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். காவிரிக்கும் நொய்யலுக்கும் அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? இந்தியத் தரநிலை 3025இன் 44ஆம் பகுதி 27 டிகிரி, மூன்று நாள் என்று வைத்திருக்கிறது. முடிவும் சீக்கிரம் வருகிறது, பெட்டியும் அறை வெப்பத்தோடு அவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 27இல் நன்றாக ஓடும் பெட்டி 20இலும் அப்படியே ஓடும் என்று நம்பி வாங்காதீர்கள். உங்களுக்கு எது வேண்டுமோ அந்த வெப்பத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு டிகிரி பிசகினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பாடநூல்களில் வழக்கமாக வரும் குணகத்தின்படி, ஒரு டிகிரி கூடினால் சிதைவின் வேகம் 4.7 சதவீதம் கூடும். வீட்டுக் கழிவுநீருக்குச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் சிதைவு வேகத்தை வைத்து, மேல்தட்டு கீழ்த்தட்டைவிட இரண்டு டிகிரி சூடு என்று கணக்குப் போட்டால், மூன்று நாள் முடிவில் பி.ஓ.டி. சுமார் ஐந்தரை சதவீதம் வேறுபடுகிறது. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்குப் பொதுத் தரநிலையின் உச்சவரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். கீழ்த்தட்டில் 29 காட்டித் தேறும் நீர், மேல்தட்டில் 30.6 காட்டித் தோற்கும். அறிக்கையில் எந்தத் தட்டு என்று யார் எழுதுகிறார்கள்?

ஆகவே இரண்டு பெட்டிகளிலும் லாகர்களை எட்டு மூலைகளிலும் நடுவிலும் வைத்துப் பார்த்தோம். சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல், நீர் நிறைந்த பாட்டிலுக்குள் முக்கி வைத்தோம். சோதனை நடப்பது பாட்டிலுக்குள்தானே. காலியாக இருக்கும்போது உள்ளூர்ப் பெட்டி சமர்த்தாக இருந்தது, மூலைக்கு மூலை ஒரு டிகிரிக்குள். தட்டு நிறையப் பாட்டில்களை நெருக்கி அடுக்கியதும் மேலுக்கும் கீழுக்கும் இரண்டு டிகிரிக்கு மேல் விலகிவிட்டது. பெல்டியர் பெட்டி நிறைந்த நிலையிலும் அரை டிகிரியைத் தாண்டவில்லை.

விலைக்கேற்ற தரம் என்று இதை முடித்துவிடலாம்தான். ஆனால் உள்ளூர்ப் பெட்டியின் குறையில் பாதி நாம் செய்வது. தட்டின் மேல் யாரோ துடைக்கச் சௌகரியமாக இருக்கட்டும் என்று அலுமினியத் தாள் விரித்திருந்தார்கள். அதை எடுத்து, சுவரிலிருந்து நாலு விரல் இடம் விட்டு, பாட்டிலுக்குப் பாட்டில் காற்று போக வழி வைத்ததும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டிகிரிக்கு இறங்கியது. நடுத்தட்டுக்கும் டிஸ்ப்ளேக்கும் இருந்த மிச்ச இடைவெளியைக் கருவியின் உள்மெனுவில் ஆஃப்செட் கொடுத்துச் சரிசெய்தோம். 27 ±1 என்ற வரம்புக்குள் இப்போது எல்லா மூலைகளும் அடங்குகின்றன.

கம்ப்ரஸர் அணைந்து எரியும்போது உள்ளே காற்றின் வெப்பம் மேலும் கீழும் ஆடும். இதைக் காட்டித்தான் விலை கூடிய பெட்டியை விற்பார்கள். பி.ஓ.டி. வேலைக்கு இந்த ஆட்டத்தைப் பற்றி நான் அலட்டிக்கொள்ள மாட்டேன். 300 மி.லி. நீர் அவ்வளவு சீக்கிரம் அசைந்து கொடுக்காது. லாகரில் பாட்டிலின் கோடு கிட்டத்தட்ட நேராகவே போயிற்று. பதினைந்து, இருபது மி.லி. அகார் ஊற்றிய பெட்ரி தட்டு அப்படியில்லை, காற்றோடு சேர்ந்து ஆடும். பூஞ்சைக்கு 25 டிகிரியில் ஐந்து நாள் வைக்கிறவர் இந்த ஆட்டத்தைக் கவனிக்க வேண்டும். அவருக்கு விசிறியும் எதிரி: வேகமாக அடித்தால் வெப்பம் சீராகும், அகார் காய்ந்து விளிம்பில் சுருங்கும். விசிறி வேகத்தைக் குறைக்க வழியுள்ள பெட்டியாகப் பார்த்து, கீழே ஒரு தட்டத்தில் நீரும் வைப்பது நல்லது.

விளக்கு சின்ன விஷயம் போலத் தோன்றும். பி.ஓ.டி. இருட்டில் நடக்க வேண்டிய சோதனை. வெளிச்சம் பட்டால் நீரிலுள்ள பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்ஸிஜன் விடும், பி.ஓ.டி. குறைத்துக் காட்டும். உள்விளக்கைக் கதவில் உள்ள ஒரு சுவிட்ச் அணைக்கிறது. அது பழுதானால் விளக்கு மூன்று நாளும் எரிவது யாருக்கும் தெரியாது. கண்ணாடி ஜன்னல் வைத்த வெளிக்கதவு பார்க்க அழகு. கழிவுநீர் லேபுக்கு ஆகாது.

சத்தத்தில் பெல்டியருக்கு நிகரில்லை, அறையில் அது ஓடுவதே தெரியாது. குளிர்பதன வாயுவும் கிடையாது. ஆனால் அது வெப்பத்தை உள்ளிருந்து எடுத்து அறைக்குள்தான் தள்ளுகிறது, அறை சூடாக இருந்தால் திணறும். ஏ.சி. போட்டிருந்தவரை 20 டிகிரியை அசையாமல் பிடித்தது, ஏ.சி.யை நிறுத்திய மதியத்தில் செட் பாயிண்டுக்கு மேலே நழுவியது. திருப்பூருக்கே உரிய இன்னொரு சங்கடம் பஞ்சு. சுற்றிலும் பனியன் கம்பெனிகள், காற்றில் எப்போதும் பறக்கும் நூல்தூசி பெட்டிகளின் பின்பக்கத் தகடுகளில் கம்பளி போலப் படிகிறது. கம்ப்ரஸர் பெட்டிக்கும் இதே தொல்லைதான், ஆனால் அதைத் திறந்து சுத்தம் செய்து வாயு நிரப்பத் தெருமுனை ஃப்ரிட்ஜ் மெக்கானிக் போதும். பெல்டியர் மாட்யூல் போனால் அதை விற்ற ஏஜென்சியின் ஆள் வரும்வரை பெட்டி வெறும் அலமாரி.

மின்சாரம் போய் வந்ததும் என்ன நடக்கிறது என்பதைக் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள். செட் பாயிண்ட் நினைவில் நின்று தானாக ஓட வேண்டும். கம்ப்ரஸர் சில நிமிடம் பொறுத்துக் கிளம்ப வேண்டும். மின்சாரம் நின்றிருந்த நேரத்தில் வெப்பம் எங்கே போனது என்ற பதிவும் இருந்தால் உத்தமம். உள்ளூர்ப் பெட்டி முதல் இரண்டில் தேறியது. மூன்றாவதற்கு பேட்டரியில் ஓடும் தனி லாகர் ஒன்று உள்ளே வைத்தாயிற்று. ஸ்டெபிலைசரைக் கொட்டேஷனிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். கருவி கோளாறாகி ஹீட்டர் அணையாமல் போனால் வெட்டிவிடத் தனியாக ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடும் தயாரிப்பாளர்கள் உண்டு.

எந்த விலைக்கு வாங்கினாலும் இந்தப் பெட்டிகளை நம்பக் கூடாத வேலை ஒன்று இருக்கிறது: மலக் கோலிஃபார்ம். வெப்ப ரத்த உயிர்களின் குடலில் வாழும் பாக்டீரியாவை உயர்ந்த வெப்பத்தில் வைத்துப் பிரித்தறியலாம் என்று 1904இல் ஐக்மன் காட்டினார். அவர் வைத்தது 46 டிகிரி. இன்றைய முறை கேட்பது 44.5 டிகிரி, விலகல் 0.2க்குள். கதவைத் திறந்து மூடும் காற்றுப் பெட்டி எதுவும் எல்லா மூலையிலும் அதைத் தராது. நீர் சுழலும் வாட்டர் பாத் ஒன்றைத் தனியாக வாங்குங்கள்.

என் தேர்வு? கழிவுநீர் லேபுக்கு உள்ளூர் கம்ப்ரஸர் பெட்டிதான், அதுவும் ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு நடுத்தரப் பெட்டிகள். ஒன்று படுத்தாலும் மூன்று நாள் சோதனை நிற்காது. ஏ.சி. நாள் முழுதும் ஓடும் அறை, தட்டு வளர்ப்பு, பழ ஈ ஆராய்ச்சி என்றால் பெல்டியருக்குக் காசு கொடுக்கலாம். எதை வாங்கினாலும், நிறுவிய இடத்தில், பாட்டில் நிரப்பிய நிலையில், என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற கேலிபரேஷன் லேப் ஒன்பது இடங்களில் அளந்து சான்றிதழ் தந்த பிறகே கடைசித் தவணை என்று ஆர்டரில் எழுதிவிடுங்கள். தொழிற்சாலையிலேயே அளந்துவிட்டோம் என்று காகிதம் காட்டுவார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். முடிந்தால் அந்த அளவீட்டை மே மாதத்தில் வையுங்கள்.