பார்வை நேரமும் பதிந்த நினைவும்

பேசவும் தெரியாத, விரல் நீட்டிக் காட்டவும் தெரியாத மூன்று மாதக் குழந்தையிடம், ‘முன்பு பார்த்த படம் இதுதானா?’ என்று எப்படிக் கேட்பது? அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற உளவியலாளர் அதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டார். குழந்தையைப் படுக்கவைத்து, அதன் தலைக்கு மேலே இரண்டு படங்களை அருகருகே வைத்தார். மேலிருந்த சிறு துளை வழியே பார்த்தால், எந்தப் படத்தின் பிம்பம் குழந்தையின் கண்மணி மேல் விழுகிறது என்பது தெரியும். அது எத்தனை நொடி அங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டார். 1964இல் வெளியான ஆய்வில், ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, அதன் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் புதுப்படம் ஒன்றை வைத்தார். இரண்டு மாதம் தாண்டிய குழந்தைகள் பழைய படத்தை வரவரக் குறைவாகவே பார்த்தன. முன்பு பார்த்தது மனதில் தங்கியிருந்தால்தானே சலிப்பு வரும்?

முதல் ஆண்டின் காட்சி நினைவைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, பார்க்கும் நேரத்தை அளக்கும் இந்த முறையிலிருந்து வந்ததுதான். அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விக்கு இன்னும் முழுத் தீர்ப்பு வரவில்லை.

முறையின் பெரிய பலம், அது குழந்தையிடம் எதையும் எதிர்பார்க்காததுதான். பயிற்சி வேண்டாம், சில நிமிடம் விழித்திருந்தால் போதும். அதனால்தான் பிறந்து மூன்று நான்கு நாளே ஆன சிசுவையும் சோதிக்க முடிந்தது. அந்தச் சிசு, ஒரு முகத்தை இரண்டு நிமிட இடைவெளிக்குப் பிறகும் அடையாளம் காண்கிறது என்று ஒலிவியே பஸ்காலிசும் ஸ்கானியா த ஷோனனும் 1994இல் காட்டினார்கள். ஐந்து மாத அளவில் முகப் படத்தின் நினைவு இரண்டு வாரம்வரை நீடிக்கும் என்று ஜோசப் ஃபேகன் 1970களிலேயே கண்டிருந்தார். 2003இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, ஒரே சமயத்தில் மனதில் நிறுத்தக்கூடிய பொருள்களின் எண்ணிக்கையை அளந்தது. ஆறு மாத அளவில் ஒன்று. பத்து மாதத்துக்கு மேல் மூன்று நான்கு.

நினைவு இருக்கிறதா என்பதோடு, அதில் என்ன இருக்கிறது என்பதையும் இந்த முறை தோண்டி எடுக்கும். பிறந்து சில நாளான குழந்தை அந்நியப் பெண்ணைவிடத் தாயின் முகத்தை அதிக நேரம் பார்க்கிறது. 1995இல் இருவருக்கும் தலையில் துணி கட்டி, முடியும் நெற்றியும் சேரும் கோட்டை மறைத்தபோது அந்த வேறுபாடு காணாமல் போனது. அந்த வயதில் நினைவில் இருப்பது கண்ணும் மூக்கும் அல்ல, முகத்தின் வெளிவரம்பு என்று இதிலிருந்து தெரிந்தது. 2002இல் வந்த முடிவு இன்னும் விசித்திரமானது. ஆறு மாதக் குழந்தைகள் ஒரு குரங்கின் முகத்தை இன்னொரு குரங்கின் முகத்திலிருந்து பிரித்தறிந்தன. ஒன்பது மாதக் குழந்தைகளாலும் பெரியவர்களாலும் அது முடியவில்லை. முகநினைவு விரிந்துகொண்டே போவதில்லை, அன்றாடம் காணும் முகங்களுக்கு ஏற்பக் குறுகவும் செய்கிறது. பார்க்கும் நேரத்தை அளக்காமல் இதை எளிதில் கண்டறிந்திருக்க முடியாது.

சிக்கல் தொடங்குவது முடிவுகளைப் படிக்கும் இடத்தில். புதியதை அதிகம் பார்த்தால் பழையது நினைவிருக்கிறது என்பது ஃபான்ட்ஸின் தர்க்கம். ஆனால் ஒரு படத்தை இன்னும் முழுமையாக உள்வாங்காத குழந்தை பழையதையே நாடும் என்று ஆய்வாளர்கள் ஹன்டரும் ஏம்ஸும் 1988இல் விளக்கினார்கள். லோரெய்ன் பாரிக்கும் பிக்கன்ஸும் 1995இல் மூன்று மாதக் குழந்தைகளிடம் இதன் மறுபக்கத்தைக் கண்டார்கள். ஒரு நிமிடம் கழித்துச் சோதித்தால் குழந்தைகள் புதியதைப் பார்த்தன. ஒரு நாளும் இரண்டு வாரமும் கழிந்தபோது இரண்டையும் சமமாகப் பார்த்தன. ஒரு மாதமும் மூன்று மாதமும் ஆன பின் பழையதை நாடின. இரண்டு வாரத்தோடு ஆய்வை நிறுத்தியிருந்தால், ‘மறந்துவிட்டது’ என்று எழுதி முடித்திருப்பார்கள். ஆக, வேறுபாடு தெரிந்தால் நினைவு இருக்கிறது எனலாம். தெரியாவிட்டால் இல்லை என்று சொல்ல இந்த அளவுகோலுக்கு உரிமையில்லை.

புதியதைப் பார்த்தாலும் நினைவு, பழையதைப் பார்த்தாலும் நினைவு என்றால், எந்த முடிவு வந்தாலும் வெற்றி என்று அறிவிக்கும் வாசல் திறந்துவிடுகிறது. இருபது முப்பது குழந்தைகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகளில் இந்த ஆபத்து அதிகம். அழுதும் தூங்கியும் பாதியில் விலகும் குழந்தைகளின் கணக்கு வேறு விடுபட்டுப் போகிறது. ‘மெனிபேபீஸ்’ என்ற கூட்டமைப்பு 2020இல் 67 ஆய்வகங்களை இணைத்து, பெரியவர்கள் குழந்தையிடம் கொஞ்சிப் பேசும் தொனியைக் குழந்தைகள் விரும்புகின்றனவா என்று சோதித்தது. அது நினைவைப் பற்றியதல்ல; ஆனால் அளவுகோல் இதே பார்க்கும் நேரம். விருப்பம் உறுதிப்பட்டது. அதன் அளவோ, முந்தைய ஆய்வுகள் சொன்னதைவிடக் குறைவாக இருந்தது. பார்வையை அளந்த விதம் மாறியபோது விளைவும் மாறியது.

பார்வைக்கு மாற்றாகக் குழந்தையின் கால் உதையை நம்பியவர் உளவியலாளர் கரோலின் ரோவீ-கோலியர். தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மையைக் குழந்தையின் கணுக்காலோடு நாடாவால் கட்டினார். உதைத்தால் பொம்மை ஆடும். நாள்கள் கழித்து அதே பொம்மையைக் கண்டதும் குழந்தை வேகமாக உதைத்தால், நினைவிருக்கிறது என்று பொருள். இரண்டு மாதத்தில் ஓரிரு நாள், மூன்று மாதத்தில் ஏறத்தாழ ஒரு வாரம், ஆறு மாதத்தில் இரண்டு வாரம் என்று நினைவு நீள்வதை இப்படி வரைய முடிந்தது. உதையில் திசைக் குழப்பம் இல்லை. ஆனால் பயிற்சிக்கே ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வுகள் வேண்டும். அரை ஆண்டு தாண்டிய குழந்தைக்கு வேறு விளையாட்டைத் தேட வேண்டும். குழந்தை நினைவில் வைத்திருப்பது பொம்மையின் தோற்றத்தையா, உதைத்துப் பெற்ற இன்பத்தையா என்பதைப் பிரிப்பதும் கடினம். இரண்டு முறைகளும் தருகிற எண்களை ஒரே பட்டியலில் கலந்து எழுதுவது தவறு.

இன்னொரு எல்லைமீறலும் உண்டு. புதுப்படத்தை நாடும் அளவை வைத்து ஃபேகன் ஒரு குழந்தை அறிவுச் சோதனையையே உருவாக்கினார். குழுவாகப் பார்த்தால், முதல் ஆண்டின் பார்வை அளவுக்கும் பிற்கால அறிவுத்திறனுக்கும் மிதமான தொடர்பு இருக்கிறது. தனியொரு குழந்தையின் வருங்காலத்தைச் சொல்ல அந்தத் தொடர்பு போதாது. பசியோ தூக்கமோ ஒரு நாள் அளவையே மாற்றிவிடும்.

மூளையை நேரடியாகப் படம்பிடித்தால் இந்தத் தொல்லை தீரும் என்று தோன்றலாம். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் நான்கு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான 26 குழந்தைகளை விழித்திருக்கும்போதே ஸ்கேன் செய்தார்கள். ஒரு படத்தை முதலில் பார்க்கையில், நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் எவ்வளவு கூடுதலாக இயங்கியதோ, அந்தப் படத்தைப் பிறகு குழந்தை அவ்வளவு அதிகமாகப் பார்த்தது. ஒரு வயது தாண்டியவர்களிடம் இது வலுவாக இருந்தது. இங்கும் நினைவுக்குச் சான்று பார்வைதான். அதுவும் ஃபான்ட்ஸ் கண்டதற்கு நேர் எதிராக, பழைய படத்தின் பக்கம் திரும்பிய பார்வை. ஒருமுறை மட்டுமே காட்டிய படம் என்பதால் ஹன்டரும் ஏம்ஸும் சொன்ன விதிக்குள் இது பொருந்துகிறது. எந்தப் பக்கம் சாயும் என்பதை ஒவ்வோர் ஆய்வகமும் சோதனைக்கு முன்பே எழுதிப் பதிவு செய்யத் தொடங்கினால், இதே பழைய அளவுகோலிலிருந்து இன்னும் நம்பகமான விடைகள் கிடைக்கும்.